மட்டக்களப்பில் ‘பதப்படுத்திய’ உயிர்க்கல் வாங்குவோர் கவனத்துக்கு

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போரும் வைக்க நினைப்போரும் இதைப் படித்துவிட்டுக் கல் வாங்குங்கள். உயிர்க்கல் என்பது நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் முருகைக்கல் (பவளப்பாறை) துண்டு; தொட்டி நீரைச் சுத்தமாக வைக்க உதவும். அதில் செத்து அழுகுபவை நீங்கும்வரை கடல்நீரில் வைத்திருப்பதுதான் பதப்படுத்துவது. மட்டக்களப்பில் அலங்கார மீன் விற்கும் கடையொன்றில் கிலோ 3,000 ரூபாவுக்கு உயிர்க்கல் வாங்கினேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

“பழைய தொட்டியொன்றைக் கலைத்தபோது எடுத்த கல், தம்பி. இருட்டில் வைத்துப் பதப்படுத்தியது. பூச்சி புழு எதுவும் கிடையாது” என்றார் கடைக்காரர். ஈரப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பெட்டியில் போட்டு ஒட்டித் தந்தார். கல்லடியிலுள்ள என் வீட்டுக்கு வந்து பிரித்தால் அழுகல் நாற்றம். கல்லின் ஒரு பக்கம் வெளேரென்று, உளிபட்ட தடத்தோடு இருந்தது. தொட்டியில் வருடக்கணக்கில் கிடந்த கல்லில் இப்படிப் புதுக்காயம் எப்படி வரும்? கடலிலிருந்து முருகைக்கல் பெயர்ப்பது இந்த நாட்டில் சட்டவிரோதம் என்பது மீன்கடை நடத்துகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

வழக்கம்போல் கல்லை முதலில் தனித்தொட்டியில் போட்டேன். அதனால் மீன்கள் பிழைத்தன. அங்கிருந்த கடல்நத்தைகள் பிழைக்கவில்லை. இரவில் ‘டக், டக்’ என்று கண்ணாடியில் யாரோ சுண்டுவது போன்ற சத்தம். காலையில் ஒரு துளையின் வாசலில் உடைந்த ஓட்டுச் சில்லுகள். டார்ச் விளக்கில் சிவப்புத் தாளைச் சுற்றிப் பார்த்தபோது, காம்பின் நுனியில் இரண்டு கண்கள் ஆளுக்கொரு திசையில் சுழன்றுகொண்டிருந்தன. மாண்டிஸ் இறால். நத்தை ஓட்டையே உடைக்கிற அதன் அடிக்கு விரலைக் கொடுத்துவிடாதீர்கள். வாய்ப்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகிய பிளாஸ்டிக் போத்தலில் இறால் துண்டு வைத்தால் உள்ளே வந்துவிடும்.

அடுத்து அய்ப்டேசியா. பழுப்பு நிறத்தில் சின்னக் கடற்சாமந்தி, பார்க்க அழகுதான், ஆனால் தொட்டி முழுக்கப் பரவி மற்ற உயிர்களைக் கொட்டும். தொட்டால் சட்டென்று துளைக்குள் சுருங்கும். அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். மிஞ்சிய துணுக்கிலிருந்து புதிதாக முளைக்கும். கல்சியம் ஐதரொட்சைட்டைக் கூழாகக் கரைத்து ஊசிக்குழலால் அதன் வாயில் விடலாம். பெப்பர்மின்ட் இறால் கிடைத்தால் அதுவே தின்று தீர்க்கும்.

வந்ததெல்லாம் கேடு என்று சொல்லமாட்டேன். உடைநட்சத்திர மீன் குஞ்சுகளும், எச்சத்தைத் தின்னும் முட்புழுக்களும் தொட்டிக்கு நல்லவை. வெறுங்கையால் முட்புழுவைத் தொடாமல் இருந்தால் போதும். என் கோபம் பூச்சிகள் மேல் இல்லை.

படங்களோடு போய்க் கேட்டேன். “கடல் கல்லில் நாலு உயிர் இருக்கத்தானே செய்யும்” என்றார். பழைய தொட்டிக் கல் அதற்குள் கடல் கல்லாகிவிட்டது! அதோடு விட்டாரா? “பெரிய பானையில் போட்டு அவித்துவிடுங்கள், எல்லாம் செத்துவிடும்” என்று ஒரு யோசனையும் சொன்னார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த யோசனைதான். கல்லின் ஓரத்தில் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கிடந்தவை சோவாந்திட் (கடற்சாமந்திக்கு உறவான சிற்றுயிர்) போலத் தெரிந்தன. அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடொக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அவித்தால் அது நீராவியோடு மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தில் ஒருவர் தன் தொட்டியைச் சுத்தம் செய்யப் போய்க் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நம் வீடுகளில் அவிப்பது என்றால் குசினியில்தான், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கத்தான். வெந்நீரும் வேண்டாம், உலரவைத்துத் தேய்ப்பதும் வேண்டாம்.

கல் வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லுங்கள். முகர்ந்து பாருங்கள், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதப்படுத்திய கல்லில் கடல் வாசம்தான் வரும், பிணவாடை வராது. ரசீதில் ‘பதப்படுத்திய உயிர்க்கல்’ என்றே எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்த ரசீதில் ‘அலங்காரக் கல்’ என்று இருக்கிறது. அதைக் காட்டித்தான் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடப் போகிறேன். இதே போன்ற ரசீது வைத்திருப்பவர்கள் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.