மயிலாடுதுறையில் தைத்த தார்ப்பாயும் லெ மான் 24 மணி நேர ரேஸும்

24 மணி நேர கார் ரேஸுக்குப் போய் அங்கேயே முகாம் போட்டுத் தங்கப் போகிறீர்கள் என்றால் காசை முதலில் கூடாரத்தில் போடாதீர்கள், நல்ல தார்ப்பாய் ஒன்றில் போடுங்கள். அதையும் ஆன்லைனில் வாங்காமல் மயிலாடுதுறை மணிக்கூண்டைச் சுற்றி நெல்லுக்குப் படுதா அடித்துத் தருகிற கடைகளில் அளவு சொல்லி வாங்குங்கள். அப்படி ஒரு கடையில் நான் வாங்கியது இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, மழை, காற்று, விமானப் பயணம் எல்லாம் பார்த்துவிட்டது, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.

ரேஸ் எது என்று சொல்லிவிடுகிறேன். பிரான்சில் லெ மான் என்கிற ஊரில் ஜூன் மாதம் நடப்பது, 1923-இல் தொடங்கியது. சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கிளம்பும் கார்கள் ஞாயிறு மாலை 4 மணி வரை ஓடும், ஒரு காருக்கு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். ஒரு சுற்றே 13.626 கிலோமீட்டர், அதில் நல்ல நீளம் மற்ற நாட்களில் ஊர்க்காரர்கள் லாரியும் காரும் ஓட்டுகிற சாதாரணச் சாலை. நம் ஆட்களில் நரேன் கார்த்திகேயன் 2009-இல் அங்கே போனார், தோள்பட்டை இறங்கிவிட்டதால் ரேஸில் ஓட்ட முடியாமல் போனது. கருண் சந்தோக் 2012-இல் ஓட்டினார், அவர் கார் மொத்தத்தில் ஆறாவதாக முடித்தது. அப்புறம் 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில் அஜித் குமார் அணி தன் பிரிவில் மூன்றாவது இடம் பிடித்ததிலிருந்து, வளைகுடாவில் சொந்தக்காரர்கள் இருக்கிற கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கத்துப் பையன்கள் எல்லாம் "அண்ணே, ரேஸ் பார்க்கப் போனா எங்க தங்குறது, என்ன எடுத்துட்டுப் போறது" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எனக்கு லெ மான் வாய்த்ததற்குக் காரணம் காரைக்கால். இங்கே பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தாலும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு அங்கே போனவர்கள் இல்லாத தெரு குறைவு. சித்தப்பா மகன் குடும்பத்தோடு பாரிசுக்கு வெளியே இருக்கிறான். அங்கிருந்து லெ மான் காரில் இருநூறு கிலோமீட்டர் சொச்சம், ஏ11 நெடுஞ்சாலை, சுங்கம் உண்டு. விசா, டிக்கெட், லீவு எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன். திட்டம் போடும்போது கவனிக்க வேண்டியது வேறு. நுழைவுச் சீட்டு வாங்கினால் முகாம் இடம் கூடவே வராது, அதைத் தனியாகப் பதிய வேண்டும், பல மாதங்களுக்கு முன்னாலேயே. ஓடுதளத்தைச் சுற்றிப் பல முகாம்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. மேஸோன் பிளான்ஷ், தெர்த்ர் ரூஷ் போன்றவை பார்வையாளர்கள் உட்காருகிற பிரதான ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரம். ஆர்னாஜ், முல்சான் வளைவுகள் பக்கம் தங்கினால் கார்கள் பிரேக் அடிப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம், ஆனால் ஸ்டாண்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. வெள்ளிக்கிழமை ஓட்டுநர்களை ஊருக்குள் ஊர்வலமாக அழைத்து வருவார்கள், அன்றைக்கு ஊருக்குள் காரை எடுக்கவே வேண்டாம், டிராம் இருக்கிறது. ஓடுதளத்துக்காகச் சாலைகளை மூடிவிடுவதால் வழிகாட்டும் ஆப் சொல்கிற பாதை பாதி நேரம் தடுப்பில்தான் போய் நிற்கும். கூடுமானவரை வியாழனுக்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

சரி, தார்ப்பாய் ஏன்? ரேஸ் முகாமில் கூடாரத்துக்குள் இருப்பது மூன்று, நான்கு மணி நேரம்கூட இல்லை. இரவு முழுக்கக் கார்கள் ஓடுகின்றன, சத்தம் நிற்காது, தூங்குகிறவனும் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பான். மீதி நேரம் முழுவதும் வெளியேதான். சமைப்பது, சாப்பிடுவது, ரேடியோவில் நிலவரம் கேட்பது, ஈர ஜாக்கெட்டைக் காயப்போடுவது, பக்கத்து முகாம்காரர்களோடு பேசுவது. இதற்கெல்லாம் வேண்டியது நாலு பேர் நாற்காலி போட்டு உட்காரத் தலைக்கு மேல் ஒரு கூரை. கூடாரத்தோடு வருகிற முன்தாழ்வாரம் இரண்டு செருப்பு வைக்கத்தான் ஆகும். தனியாக விற்கிற பந்தல் மாதிரியான மடக்குக் கொட்டகைகள் எடை அதிகம், காற்றடித்தால் கால் மடங்கிக்கொள்ளும். அங்கே அப்படி உடைந்து குப்பைத்தொட்டி ஓரம் சாய்த்து வைத்திருந்தவற்றை நிறையப் பார்த்தேன்.

கடைக்கு வருகிறேன். முன்பக்கம் கட்டுக் கட்டாக நீலம், பச்சை, ஆரஞ்சு, கறுப்பு. உள்ளே ஒரு பெரிய தையல் மெஷின், தரையில் விரித்த ஷீட்டின் மேல் உட்கார்ந்து வளையம் அடிக்கிற பையன். கடைக்காரர் வயதானவர், எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி வேண்டும் என்றதும் கேட்டார்.

"நெல்லுக்கா தம்பி, பந்தலுக்கா?"

"ரெண்டும் இல்ல பாய். ஒரு ராத்திரி முழுக்க நாலு பேர் அடியில உக்காரணும். வெட்டவெளி, மழை வரலாம்."

"காத்து ஒரே பக்கமா வருமா, சுத்திச் சுத்தி அடிக்குமா?"

கூடாரம் விற்கிற எந்தக் கடையிலும் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. பதில் தெரியாது என்றேன். அப்படியென்றால் எந்தப் பக்கத்தையும் இறக்கிக் கட்டுகிற மாதிரி அடிக்கிறேன் என்று அவரே ஒரு அட்டையில் கோடு போட்டுக் காட்டினார்.

நீங்கள் போனாலும் இதைத்தான் பார்க்க வேண்டும். முதலில் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் ஷீட் எத்தனை கிராம் என்பது. கடையில் தொங்குகிற மலிவான நீல ஷீட் 90, 120 இருக்கும், ஒரு பருவம் வெயிலில் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும். 200 எடுங்கள். பன்னிரண்டுக்குப் பதினைந்து என்றால் கிட்டத்தட்ட பதினேழு சதுர மீட்டர், ஷீட் மட்டும் மூன்றரை கிலோவுக்குள் முடிந்துவிடும், பெட்டியில் தாராளமாக வைக்கலாம். லாரிக்குப் போடுகிற பிவிசியும் பழைய கித்தானும் இதைவிட உறுதி, ஆனால் கித்தான் நனைந்தால் ஒரு ஆள் தூக்க முடியாது, விமானத்தில் கொண்டுபோகிற சாமான் இல்லை அது.

இரண்டாவது ஓரம். சும்மா மடித்து ஒட்டிய ஓரத்தில் வளையம் அடித்தால் காற்றில் ஷீட் கிழிந்து வளையம் மட்டும் கயிற்றோடு வந்துவிடும். பாய் ஓரத்துக்குள் நைலான் கயிற்றை வைத்து மடித்து இரட்டைத் தையல் போட்டார், இழுப்பு முழுவதும் அந்தக் கயிற்றின் மேல்தான் விழும். நாலு மூலையிலும் முக்கோணமாக ஒரு ஒட்டு. ரெடிமேட் ஷீட்டில் மூன்றடிக்கு ஒரு வளையம் இருக்கும், இதில் ஒன்றரை அடிக்கு ஒன்று, பித்தளை. நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை, அதில் கயிறு கட்டக் காதுகள். அந்தப் பட்டையைத் தைக்காமல் சூடுபோட்டு ஒட்டினார். கேட்டதற்கு, ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் மழை இறங்கும், ஓரத்தில் இறங்கினால் பரவாயில்லை, தலைக்கு மேல் இறங்கக் கூடாது என்றார்.

இந்த அறிவு இங்கே சும்மா வந்ததில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலைப் போட்டுவிட்டு நாள்கணக்கில் காவல் கிடக்கிறவர்களுக்குப் படுதாதான் உயிர். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்கமாட்டேன் என்பார்கள், தளர்வு வந்தால்தான் உண்டு. மூடாவிட்டால் மழை, மூடியே வைத்தால் உள்ளே புழுங்கி ஈரம், அதனால் வெயில் தலைகாட்டினால் தூக்கிக் காற்று விட்டு, மேகம் கறுத்தால் ஓடிப்போய் இழுத்து மூடுவார்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கம் கூரை போன வீடுகளில் ஜனங்கள் வாரக்கணக்கில் தார்ப்பாய்க்கு அடியில்தான் குடும்பம் நடத்தினார்கள். எந்த ஷீட் நின்றது, எது முதல் காற்றிலேயே கிழிந்தது என்று கண்ணால் பார்த்த கடைக்காரர்கள் இவர்கள். அந்த அனுபவத்துக்குச் சேர்த்துத்தான் நாம் காசு கொடுக்கிறோம், அதுவும் தையல், வளையம், ஒட்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள்.

வாங்கியதும் நேராக பிரான்சுக்குக் கட்டவில்லை. கோடையில் மதியத்துக்கு மேல் காரைக்காலில் கடல்காற்று நன்றாக வீசும், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற களத்தில் கட்டிப் பார்த்தோம். நடுக்கயிற்றை இரண்டு மூங்கிலில் இழுத்து, காற்று வருகிற பக்கத்தை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, எதிர்ப்பக்கத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டி, அம்மா தோட்டத்துக் குழாயை மேலே பிடித்தார்கள். தண்ணீர் எங்கேயும் தொப்பை போட்டுத் தேங்கவில்லை. ஒரு மூலை மட்டும் தளர்ந்தது, அங்கே முளையைச் சாய்த்து அடித்ததும் சரியானது. முளைகள் கொல்லுப்பட்டறையில் அடித்தவை, ஒரு அடி நீளம், பெட்டியில் போட்டுச் செக்-இன் சாமானில்தான் அனுப்ப வேண்டும். கம்புகளை அங்கே வாங்கிக்கொண்டோம். கேஸ் குப்பியையும் அங்கேதான் வாங்க வேண்டும், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, வடகம் இங்கிருந்து.

நாங்கள் போனது 2024. அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது, விட்டு விட்டுப் பெய்து, நள்ளிரவுக்குப் பிறகு கொட்ட ஆரம்பித்து, கார்களெல்லாம் பாதுகாப்புக் காருக்கு, அதாவது ஆபத்தான நேரத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் விடுகிற காருக்கு, பின்னால் நாலு மணி நேரத்துக்கு மேல் வரிசையாக ஊர்ந்தன. முகாமே சேறு. பகலில் ஜாலியாகக் கொடி கட்டி வைத்திருந்தவர்கள் பலர் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் தார்ப்பாயின் இறக்கின பக்கம் மழையை வாங்கிக்கொண்டு தரையில் கால்வாய் மாதிரி வடித்துக்கொண்டிருந்தது, அடியில் அடுப்பு எரிந்தது. தம்பி ரசம் வைத்தான். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது என்று நாற்காலியோடு வந்து சேர்ந்தார்கள், ஆளுக்கு ஒரு டம்ளர் ரசம் கொடுத்தோம், குடித்துவிட்டு ஷீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்து எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். தம்பி போனில் மேப்பைத் திறந்து மயிலாடுதுறையைக் காட்டினான். ஞாயிறு மாலை 311 சுற்று முடித்து 50-ஆம் எண் ஃபெராரி ஜெயித்தபோது எங்கள் சாமானில் நனைந்தது முளைகளும் கயிறும்தான். இரவில் அந்த ஊரில் ஜூன் மாதத்திலும் குளிரும், நம் ஊர் மார்கழிக்குப் போடுகிற ஸ்வெட்டர் காணாது, அதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

குறைகள் இருக்கின்றன. சொன்ன தேதிக்குக் கொடுக்கவில்லை, இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள், காரைக்காலிலிருந்து பஸ் பிடித்துப் போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய தொந்தரவு, போன் பண்ணி உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். மடித்து வைக்கப் பை தருவதில்லை, உரச்சாக்கில் சுற்றித்தான் கொடுப்பார்கள். புது ஷீட்டின் பிளாஸ்டிக் வாடை போக நாலு நாள் வெயிலில் போட வேண்டும். காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும், ரேஸில் அது யாருக்கும் கேட்காது, ஆனால் கொடைக்கானல் மாதிரி அமைதியான இடத்தில் கட்டினால் தூக்கம் போகும். பக்கச்சுவர் எதுவும் கிடையாது என்பதால் பணம், பாஸ்போர்ட் எல்லாம் காருக்குள்தான் இருக்க வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்கள் தூங்குவதற்கு நல்ல கூடாரமும் வாங்கத்தான் வேண்டும், அவர்களுக்குத் தார்ப்பாய் மட்டும் போதாது.

ஆர்டர் கொடுக்கிற நேரம் முக்கியம். தை, மாசியில் சம்பா அறுவடை, கடையில் நிற்க இடம் இருக்காது, உங்கள் கணக்கைக் கேட்க ஆள் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் விலை ஏறும், நல்ல ஷீட் தீர்ந்துபோகும். பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ போனால் பாய் உட்கார்ந்து பேசுவார், ஜூன் ரேஸுக்கு நேரமும் இருக்கும். அளவை அடியில் சொல்லுங்கள், ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் சாதாரண மடிப்புதான் வரும். முன்பணம் கொடுத்தால் துண்டுச் சீட்டு ஒன்று எழுதித் தருவார்கள், அதில் ஜிஎஸ்எம் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.