எபோனைட் இங்க் பேனா வேலூர் வெயிலுக்குத் தாங்குமா? நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தாங்கும். எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் கையால் கடைந்த பேனாவைப் பற்றி வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் கேட்கும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மை கக்குது." பேனாவைக் குறை சொல்லும் முன், அதற்குள் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தப் பேனாக்களில் பல, ஃபில்லரை வைத்து நேராகக் குழாய்க்குள் மை ஊற்றும் வகை. 3 மில்லி பிடிக்கும் பேனாவில் 1 மில்லி மை மிச்சமிருந்தால், மீதி 2 மில்லியும் காற்று. 24 டிகிரி ஏசி அறையிலிருந்து 39 டிகிரி வெயிலுக்கு வந்தால் அந்தக் காற்று 5 சதவீதம் விரியும். அது 0.1 மில்லி, அதாவது இரண்டு சொட்டு மையை வெளியே தள்ளும். நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கின் (ஃபீட்) வெட்டுகள் கொஞ்சம் மையைத் தாங்கிக்கொள்ளும். மீதி மூடிக்குள்ளேயோ சட்டைப் பையிலோ இறங்கும். கத்திரி வெயிலில், ஃபேன் மட்டும் ஓடும் அறையில், மதியம் உட்கார்ந்து எழுதும்போது இந்தத் தொல்லை குறைவு. அறையே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடுவதால் கைச்சூடு பேனாவைப் புதிதாகச் சூடேற்றுவதில்லை. காலையில் குளிர்ந்து கிடந்த பேனாவைக் கையில் எடுக்கும்போதும், ஆஸ்பத்திரி, பேங்க், காலேஜ் என்று ஏசியை விட்டு வெளியே வரும்போதும்தான் கக்கும்.

ஏலகிரி ஏறுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. வேலூர் சுமார் 200 மீட்டர் உயரம், ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் விரியும். பாதி காலியான பேனா 14 கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் மூடியை நனைத்துவிடும். முழுக்க நிரப்பி, நிப்பு மேலே பார்க்கும்படி வைத்தால் ஒன்றும் ஆகாது. அன்றாடப் பயன்பாட்டிலும் பாதி தீர்ந்ததும் நிரப்பிவிடுவது நல்லது. கடைசிச் சொட்டு வரை எழுதுவது பால்பாயின்ட் பழக்கம். இங்கே அது ஒத்துவராது.

வாங்கும்போது எதைப் பார்ப்பது? திருவள்ளூர் ரங்கா, சென்னை ஜெம் அண்ட் கோ, ராஜமுந்திரி ரத்னம் என்று கைவேலைப் பேனா செய்யும் பட்டறைகள் தென்னிந்தியாவிலேயே இருக்கின்றன. எபோனைட் என்பது கந்தகம் நிறையச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர். அந்த ரப்பர்க் கம்பியை லேத்தில் கடைந்து எடுப்பதால் குழாயின் சுவர் தடிமனாக வைக்க முடியும். சூடு உள்ளே இறங்க நேரமாகும். வேர்வைக் கையிலும் வழுக்காது. பளபளப்பில் மயங்காமல், நிப்பு பொருந்திய கழுத்தைக் கழற்றி மரையைப் பாருங்கள். ஏழெட்டுச் சுற்றாவது சுற்றி, கடைசியில் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்க வேண்டும். நான்கு சுற்றில் நின்றுவிடும் மரை நேரடியாக மை ஊற்றுவதற்கு ஆகாது. அதற்கு கன்வெர்ட்டர்தான் (மையை உறிஞ்சி வைத்து பேனாவுக்குள் செருகும் சின்னக் குழாய்) சரி. மரையில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் போதும். மரையில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் இருந்தால் வாசலின் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது மை விட்டு விட்டு வந்தால் முதலில் நிப்பையும் நாக்கையும் சந்தேகிக்கவும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தால், நடுவில் கோடு போல வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளிதான் காரணம். நாக்கும் எபோனைட்டாக இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். நிப்பையும் நாக்கையும் சேர்த்து, ரப்பர் துண்டால் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுங்கள். 70 டிகிரி வெந்நீரில் இருபது விநாடி முக்கி, வெளியே எடுத்த உடனே கட்டைவிரலால் நாக்கின் நுனியை நிப்போடு அழுத்திப் பிடித்தபடியே பச்சைத் தண்ணீரில் ஆறவிடுங்கள். சரியாகப் படியாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், நாக்கு வளைந்துவிடும். பிளாஸ்டிக் நாக்கு இந்தச் சூட்டுக்கு மசியாது. பேனா உடலை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடக்கூடாது, நிறம் போய்விடும்.

கழுவும் தண்ணீர் சின்ன விஷயம் இல்லை. பாலாற்றுப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதில் கழுவி அப்படியே காயவிட்டால் நாக்கின் மெல்லிய மைத்தடத்தில் வெள்ளைப் படிவு நின்று, சில மாதங்களில் ஓட்டம் மந்தமாகும். கழுவுவது எந்தத் தண்ணீரானாலும் கடைசி அலசல் கேன் தண்ணீரிலோ டிஸ்டில்டு வாட்டரிலோ இருக்கட்டும். மை மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். சாயம் கலந்த சாதாரண இங்க் பேனா மையே போதும். நேராக ஊற்றும் பேனாவில் பிக்மென்ட் மை (கரையாத நிறத் துகள் கலந்தது) போட்டு மறந்துவிட்டால், நாக்கைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

எபோனைட்டின் உண்மையான எதிரி வெளிச்சம். வெயிலும் ஈரமும் சேர்ந்து பட்டால் மேற்பரப்பில் இருக்கும் கந்தகம் மாற்றமடைந்து, கறுப்பு மெல்ல மெல்லப் பாசிப் பழுப்பாகும். ஜன்னலோர மேசை, பைக் டேங்க் கவர், கார் டேஷ்போர்டு மூன்றும் ஆகாத இடங்கள். நிறம் மாறியிருந்தால் 1000, 1500, 2000 எண் நீர் உப்புத்தாளை ஈரத்தோடு அந்த வரிசையில் தேய்த்து, பிறகு மெட்டல் பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தால் பழைய கறுப்பு திரும்பும். ஒவ்வொரு தாளிலும் முந்தைய தாளின் கீறல் முழுக்க மறைந்த பிறகே அடுத்ததற்குப் போகவும். மரையிலும் பெயர் பொறித்த இடத்திலும் உப்புத்தாள் படக்கூடாது. வெள்ளிக் கிளிப் வைத்த பேனாவை மூடிய பெட்டியில் நெடுநாள் போட்டு வைத்தால், அதே கந்தகத்தால் கிளிப் கறுக்கும். அடிக்கடி எழுதுகிற பேனாவில் இது குறைவு.

நிப்பு எடுக்கும்போது ஃபைன் கேளுங்கள். நம்மூர்ப் பரீட்சைத் தாளிலும் ஆபீஸ் லெட்ஜரிலும் மீடியம் நிப்பு பின்பக்கம் ஊறித் தெரியும், பிராட் இன்னும் மோசம். வாரத்துக்கு ஒருநாள் மட்டும் எழுதுகிறவர் கன்வெர்ட்டர் வகையே கேட்டு வாங்கலாம். மேலே சொன்ன காற்றுக் கணக்கு அதில் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் கன்வெர்ட்டருக்குள் அடங்குவதே ஒரு மில்லிக்கும் குறைவுதான்.