ஆர்.ஓ. இயந்திரமா, கூரை மழைநீரா? எங்கள் மாடுகளுக்கு நாங்கள் எடுத்த முடிவு

காங்கேயத்துக்கு அருகே அண்ணனின் தோட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்தபோது, லிட்டருக்கு 4,300 மில்லிகிராம் உப்பு கரைந்திருப்பதாக அறிக்கை வந்தது. அதைச் சிங்கப்பூரில், ஈசூன் வட்டார வீட்டில் உட்கார்ந்து கைப்பேசியில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதர் குடிக்க இந்தியத் தரநிலை பொறுத்துக்கொள்ளும் உச்சவரம்பே 2,000தான். மாடுகள் பொதுவாக 3,000 வரை தாங்கும். அதற்கு மேல் போனால் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும், கழிச்சலும் காணலாம். 5,000ஐத் தாண்டினால் சினைமாட்டுக்கும் கறவைமாட்டுக்கும் அந்த நீரைத் தவிர்ப்பதே நல்லது. அண்ணன் இத்தனை நாளும் புண்ணாக்கும் தவிடும் கரைத்து உப்பை மறைத்துத்தான் குடிக்க வைத்திருக்கிறார்.

நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களுக்கு இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. 2011இல் சாய ஆலைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு ஆணை கேட்டு வெளியேறுவதில்லை.

லாரித் தண்ணீர் கட்டுப்படியாகாது. குடிநீர்க் குழாயில் வருவது வீட்டுக்கே சரியாகிவிடும். மிஞ்சியவை இரண்டு வழிகள்: நீரை மெல்லிய சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம், அல்லது கூரை மழைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டி.

முதலில் நான் இயந்திரத்தின் பக்கம்தான் நின்றேன். சிங்கப்பூரில் இருப்பவளுக்கு அந்த நம்பிக்கை இயல்பாக வரும். பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்துத் தரும் நியூவாட்டரை 2003 முதல் பார்த்து வருகிறோம், சவ்வு வழியே பிழிந்தால் எந்த நீரும் தெளியும் என்று அறிவோம். உப்போடு நைட்ரேட்டையும் அது பெருமளவு குறைக்கும். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காய்ச்சினால் போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். யூரியாவிலிருந்தும் எருக்குழியிலிருந்தும் கிணற்றில் இறங்குகிறது. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது இரத்தத்தில் கலந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து சாக்லேட் நிறமாகிவிடும். சினை கலையவும் கூடும். வறட்சியில் வாடிய சோளத்தட்டிலும் நைட்ரேட் சேர்வதால், தீவனத்தையும் தண்ணீரையும் கூட்டித்தான் கணக்கிட வேண்டும்.

என் மனத்தை மாற்றியது அண்ணன் தொலைபேசியில் கேட்ட ஒரு கேள்வி: "அம்மிணி, கழிவுத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான்கு மாடுகளுக்கு நாளொன்றுக்கு 240 லிட்டர். சிறிய இயந்திரம் உள்ளே போவதில் 40 விழுக்காட்டை நல்ல நீராகக் கொடுத்தாலும் 360 லிட்டர் கழிவாக வெளியேறும். அதில் உப்பு லிட்டருக்கு 7,000 மில்லிகிராமைத் தாண்டும். ஆண்டு முழுவதும் ஓடினால் 900 கிலோவுக்கு மேல் உப்பு! சிங்கப்பூரில் 2005இல் திறந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் துவாஸ் ஆலை தன் உப்பைக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறது. காங்கேயத்தில் கடலுக்கு எங்கே போவது? தென்னைக்குப் பாய்ச்சினால் மண் கெடும், வாய்க்காலில் விட்டால் அடுத்த தோட்டத்துக் கிணறு கெடும். நாங்கள் யாரால் கெட்டோமோ அவர்கள் செய்ததையே சிறிய அளவில் நாங்களும் செய்வதாக ஆகிவிடும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை. சவ்வு மாற்றும் செலவும் மின்வெட்டும் இதற்கு அடுத்தபடிதான்.

மழைநீரின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் சேர்த்து 200 சதுர மீட்டர் தகரக் கூரை, ஆண்டு மழை 600 மில்லிமீட்டர் அளவில். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 96,000 லிட்டர் சேரும். ஆண்டுத் தேவை 87,600. 70,000 லிட்டர் தொட்டி கட்டினோம். முதல் மழையின் தூசி நீர் தனியே வழிந்தோட ஒரு குழாய், கொசு புகாமல் இறுக்கமான மூடி. டெங்கிக்காக வீடு வீடாகச் சோதிக்கும் ஊரில் வாழ்பவள் என்பதால் மூடி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

மழை பொய்த்தால்? கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால் உப்பு 2,150க்கு இறங்கிவிடும், தொட்டியும் இரு மடங்கு நாள் தாங்கும். கன்றுகளுக்கு மட்டும் கலப்பில்லாத மழைநீர்.

நாங்கள் கண்டது ஒரே ஒரு ஐப்பசி அடைமழை. கடும் வறட்சி ஆண்டில் இது எப்படி நிற்கும் என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல எங்கள் தொட்டிக்கு வயது போதாது. பால் கூடியதா என்று கேட்பவர்களுக்கும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அதே மாதங்களில் பசுந்தீவனமும் நன்றாக இருந்தது. பத்துப் பதினைந்து மாடுகளும் சிறிய கூரையும் உள்ளவர்களுக்கு இயந்திரம் தவிர வழி இல்லாமலும் போகலாம். அவர்கள் இயந்திரம் வாங்கும் முன்பே, கழிவு நீரை வெயிலில் வற்றவிட, தார்ப்பாய் விரித்த ஆவியாக்கும் குட்டைக்கு இடம் ஒதுக்கட்டும்.

புண்ணாக்கு கலக்காத வெறுந்தண்ணீரை மாடுகள் தொட்டியில் வாய் வைத்து உறிஞ்சும் ஒலியை அண்ணன் பதிவு செய்து அனுப்பியிருந்தார். ரயிலில் வேலைக்குப் போகும்போது இரண்டு முறை கேட்டேன்.