பன்னிரண்டு சொல், ஒரு கையெழுத்து: பிரவுசர் வாலட்டில் பணம் போகிற வழி

“வாலட்டை ஹேக் பண்ணிட்டாங்க” என்றுதான் கிரிப்டோ பணத்தைத் தொலைத்தவர்கள் ஆரம்பிக்கிறார்கள். கிளறிக் கேட்டால் பெரும்பாலும் யாரும் எதையும் உடைத்திருக்க மாட்டார்கள். வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு ரகசியச் சொற்களை இவரே எங்கோ தட்டிக் கொடுத்திருப்பார். இல்லையென்றால் வாலட் காட்டியதைப் படிக்காமல் ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருப்பார். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. எது நடந்தது என்று தெரியாமல் பதற்றத்தில் எதையாவது செய்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். மெட்டாமாஸ்க் என்ற வாலட்டை வைத்துச் சொல்கிறோம். குரோம் பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாக (இணைப்பு நிரலாக) ஓடும், எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க்குக்கான மற்ற வாலட்டுகளுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதல் வகை இப்படி நடக்கும். புது லேப்டாப் வாங்கியவர் கூகுளில் மெட்டாமாஸ்க் என்று தேடுகிறார். மேலே வரும் முதல் சுட்டி விளம்பரம். ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும், கண்ணில் படாது. திறந்தால் அதே நரி முகம், அதே நிறம், அதே பொத்தான்கள். ‘ஏற்கனவே வாலட் உள்ளது’ என்பதை அழுத்தினால் பன்னிரண்டு கட்டங்கள் வரும். நிரப்பி அழுத்தியதும் ‘பிழை, மீண்டும் முயலவும்’ என்று சிவப்பில் ஒரு வரி. அவரும் பொறுமையாக இன்னொரு முறை அடிக்கிறார். முதல் முறை அழுத்தியபோதே சொற்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தச் சிவப்பு வரி, தட்டச்சுப் பிழை இருந்தால் திருத்திக்கொள்வதற்காக அவர்கள் வைத்தது.

வாலட்டே இல்லாத புதியவருக்கு வேறு பொறி. போலி எக்ஸ்டென்ஷன் அவருக்கு ஒரு சீட் ஃப்ரேஸை, அதாவது அந்தப் பன்னிரண்டு சொல்லை, ‘உருவாக்கி’த் தரும். அதன் இன்னொரு பிரதி ஏற்கனவே திருடன் கையில் இருக்கும். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுச் சேர்க்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். குரோம் வெப் ஸ்டோரில் இருக்கிறதே என்று நம்பவும் முடியாது. 2020 ஏப்ரலில் வாலட்டுகளைப் போல வேஷம் போட்ட 49 எக்ஸ்டென்ஷன்களை கூகுள் நீக்கியது.

மூன்றாவது பொறி, டெலிகிராமில் வரும் ‘சப்போர்ட்’. குரூப்பில் “பேலன்ஸ் காட்டவில்லை” என்று ஒரு வரி போட்டால் இரண்டு நிமிடத்தில் தனிச்செய்தி வரும். வாலட்டை ‘சிங்க்’ பண்ண வேண்டும், ‘வேலிடேட்’ பண்ண வேண்டும் என்று ஒரு சுட்டி தருவார்கள். அந்தச் சுட்டி பன்னிரண்டு சொல்லைக் கேட்கும். சொற்களைக் கேட்டு சிங்க், வேலிடேட் பண்ணும் சடங்கு எந்த வாலட்டுக்கும் கிடையாது. பேலன்ஸ் காட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் நெட்வொர்க் மாறியிருப்பது, அல்லது அந்த டோக்கனை (எத்தீரியத்தின் மேல் ஓடும் வேறு நாணயத்தை) பட்டியலில் சேர்க்காதது. உங்கள் வாலட் முகவரியை, எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈதர்ஸ்கேன் தளத்தில் ஒட்டிப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சொற்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் இங்கேதான். பாஸ்வேர்டு வேறு, சீட் ஃப்ரேஸ் வேறு. பாஸ்வேர்டு அந்தக் கணினியில், அந்த பிரவுசரில் இருக்கும் பெட்டியை மட்டும் பூட்டுகிறது. சீட் ஃப்ரேஸ்தான் வாலட். அது தெரிந்தவருக்கு உங்கள் பாஸ்வேர்டு, ஓடிபி, போன் எதுவும் தேவையில்லை. அதனால்தான் திருட்டுப் போனபின் பாஸ்வேர்டை மாற்றுவதில் பயன் எதுவும் இல்லை. இன்னும் மோசமான தவறு, அதே வாலட்டுக்குள் ‘அக்கவுண்ட் 2’ ஒன்றைத் திறந்து மிச்சப் பணத்தை அங்கே நகர்த்துவது. அக்கவுண்ட் 2, 3, 4 எல்லாமே அதே பன்னிரண்டு சொல்லிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. திருடன் திரையிலும் அவை அதே வரிசையில் வரும்.

சிலர் “பதினோரு சொல்தான் காட்டினேன், ஒன்றை மறைத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருக்கிறார்கள். சொற்கள் எல்லாம் 2048 சொற்கள் கொண்ட ஒரே பட்டியலிலிருந்து வருகின்றன. விடுபட்ட ஒரு சொல்லுக்கு 2048 வாய்ப்பு. சரிபார்ப்புக்காக உள்ளேயே வைத்திருக்கும் நான்கு பிட், அதில் பதினாறில் ஒன்றைத்தான் தேற விடும். மிஞ்சுவது சுமார் 128. கணினிக்கு அது கண் சிமிட்டும் நேரம்.

இனி வாலட் போடும் முறை. குரோமில் வலது மேல் மூலையிலுள்ள படத்தைத் தட்டி இதற்கென்று புதிதாக ஒரு புரொஃபைல் திறங்கள். அதில் இந்த ஒரு எக்ஸ்டென்ஷன் மட்டும் இருக்கட்டும். பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி, வீடியோ இறக்கி எதுவும் வேண்டாம். ‘எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி வாங்கிய எக்ஸ்டென்ஷன், நீங்கள் பார்க்கும் பக்கத்தில் இருக்கும் முகவரியையே மாற்றிக் காட்ட முடியும். பிறகு முகவரிப் பட்டியில் மெட்டாமாஸ்க் டாட் ஐஓ என்று கையால் தட்டிப் போங்கள். அந்தப் பக்கத்தின் பொத்தான் வழியாகவே ஸ்டோருக்குப் போங்கள், ஸ்டோருக்குள் போய்த் தேடாதீர்கள்.

புதிய வாலட் தொடங்கும்போது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வழியாகவும் போடலாம் என்று இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. சுலபம்தான். ஆனால் வாலட்டின் பாதுகாப்பில் உங்கள் ஜிமெயிலின் பாதுகாப்பும் கலந்துவிடும். பழைய முறையில் சொற்களை எழுதிக்கொள்வதே மேல் என்பது எங்கள் கருத்து. பேனாவால், காகிதத்தில், 1 முதல் 12 வரை எண் போட்டு, இரண்டு பிரதி. போட்டோ எடுக்கவே கூடாது. படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் நிரல் வழியாக கேலரியில் சீட் ஃப்ரேஸ் தேடும் ‘ஸ்பார்க்கேட்’ என்ற வைரஸைக் கண்டுபிடித்ததாக 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. அது ஒளிந்திருந்த செயலிகள் கூகுள் பிளேயிலும் இருந்தன, ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் இருந்தன. வாட்ஸப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது, ஜிமெயில் டிராஃப்டில் போட்டு வைப்பது இதெல்லாம் அதே ரகம்.

எழுதியதும் பெரிய தொகையை ஏற்றிவிடாதீர்கள். ஐநூறு ரூபாய் மதிப்புக்கு அனுப்பிப் பாருங்கள். பிறகு எக்ஸ்டென்ஷனை நீக்கி, மறுபடி நிறுவி, காகிதத்தைப் பார்த்துச் சொற்களைத் தட்டி, அதே முகவரி வருகிறதா என்று பாருங்கள். எழுதியதில் ஒரு சொல் பிசகியிருந்தால் இப்போதே தெரியும், ஐநூறு ரூபாயோடு போகும். சொற்களைக் கணினியில் தட்ட வேண்டிய இடம் இது ஒன்றுதான். அந்தத் திரையின் முகவரி வழக்கமான இணைய முகவரி போல இருக்காது, ‘குரோம்-எக்ஸ்டென்ஷன்’ என்று தொடங்கும். அப்படித் தொடங்காத எந்தப் பக்கம் பன்னிரண்டு கட்டம் காட்டினாலும் மூடிவிடுங்கள். பிறகு செட்டிங்ஸில் ஆட்டோ லாக்கை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள்.

இனி இரண்டாவது வகை, படிக்காமல் போட்ட கையெழுத்து. இந்தத் திருட்டில் சொற்கள் பத்திரமாக இருக்கும், பணம் இருக்காது. ஏர்டிராப் (இலவச டோக்கன்) என்று ஒரு பக்கம் போகிறீர்கள், ‘கனெக்ட்’ கொடுக்கிறீர்கள். கனெக்ட் என்பது முகவரியைக் காட்டுவது மட்டும், அதில் ஆபத்து குறைவு. அடுத்து வரும் ஜன்னலில்தான் எல்லாம். அது மூன்று விதமாக வரும்.

‘அப்ரூவ்’ என்றால் உங்கள் டோக்கனை இன்னொரு முகவரி எடுத்துக்கொள்ள அனுமதி. உச்சவரம்பு என்ற இடத்தில் ‘அன்லிமிடெட்’ என்றோ, 115792 என்று தொடங்கும் 78 இலக்க எண்ணோ இருந்தால், இன்றைக்கு இருப்பது மட்டுமல்ல, அடுத்த வருடம் நீங்கள் போடப்போவதும் அதில் அடக்கம். நம்பகமான தளங்களும் இதைக் கேட்பதுண்டு. அந்த எண்ணை அழித்து, அந்தப் பரிவர்த்தனைக்கு வேண்டிய அளவை மட்டும் அடிக்கலாம். ‘செட் அப்ரூவல் ஃபார் ஆல்’ என்பது என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்களின் ஒரு தொகுப்பையே மொத்தமாக ஒப்படைப்பது.

மூன்றாவதுதான் விஷம்: ‘பெர்மிட்’. இதற்கு கேஸ், அதாவது பரிவர்த்தனைக் கட்டணம், கிடையாது. வெறும் ‘சைன்’ என்று வரும். கட்டணம் இல்லையே, என்ன ஆகிவிடும் என்று அழுத்திவிடுகிறார்கள். ஜன்னலைக் கீழே தள்ளிப் படித்தால் ஐந்து வரி இருக்கும்: ஓனர், ஸ்பெண்டர், வேல்யூ, நான்ஸ், டெட்லைன். ஓனர் நீங்கள். ஸ்பெண்டர் யாரோ. வேல்யூவில் அந்த நீள எண். யுஎஸ்டிசி போன்ற டோக்கன்களில் இந்தக் கையெழுத்தே அப்ரூவலுக்குச் சமம். திருடன் அதைத் தன் செலவில் பிளாக்செயினில் ஏற்றி, அதே மூச்சில் டோக்கனை இழுத்துவிடுவான். அவன் ஏற்றும்வரை அந்தக் கையெழுத்து எந்தப் பட்டியலிலும் தெரியாது. ஒரு தளத்துக்குள் நுழைய மட்டும் கேட்கப்படும் கையெழுத்தில் ஸ்பெண்டர், வேல்யூ என்ற வரிகள் வராது. வந்தால் அது நுழைவு அல்ல.

தளம் அசல்தான், புக்மார்க் வழியாகத்தான் போனேன் என்றாலும் இதைப் படிக்காமல் விடமுடியாது. 2021 டிசம்பரில் பேட்ஜர் டாவ் என்ற கிரிப்டோ தளத்தின் பக்கத்திலேயே வேற்று நிரலைச் செருகி, கூடுதலாக ஒரு அப்ரூவல் கேட்க வைத்தார்கள். போனது சுமார் 12 கோடி டாலர். தளமும் அசல், டொமைனும் அசல், கேட்ட அனுமதி மட்டும் திருடனுடையது.

சில சமயம் எக்ஸ்டென்ஷனே கெட்டுப்போகும். 2025 டிசம்பரில் ட்ரஸ்ட் வாலட்டின் குரோம் எக்ஸ்டென்ஷன் 2.68 பதிப்பு அப்படித்தான் ஆனது. ஸ்டோரிலிருந்து முறையாக அப்டேட் ஆன பதிப்பே பயனர்களின் சீட் ஃப்ரேஸை வெளியே அனுப்பியது. இதில் பயனர் மேல் ஒரு தவறும் சொல்ல முடியாது. பெரிய தொகையை பிரவுசரில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். லெட்ஜர், ட்ரெஸர் மாதிரி ஹார்டுவேர் வாலட் என்ற தனிக் கருவியை மெட்டாமாஸ்க்கோடு இணைத்துக்கொள்ளலாம், சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே வராது. சிலர் செலவழித்துக் கருவி வாங்கிவிட்டு, வசதிக்காக அதன் சீட் ஃப்ரேஸை மெட்டாமாஸ்க்கில் தட்டிவிடுகிறார்கள். பூட்டை வாங்கிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதை. இன்னொன்று, கருவி இருந்தாலும் அன்லிமிடெட் அப்ரூவலில் கையெழுத்துப் போட்டால் போனது போனதுதான்.

அனுப்பும்போது நடக்கும் ஏமாற்று ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். எத்தீரியம் முகவரி 42 எழுத்து. வாலட் முதல் சிலதையும் கடைசி சிலதையும் மட்டும் காட்டும். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியைப் போலவே முன்னும் பின்னும் உள்ள ஒன்றை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையையோ சில்லறையையோ உங்கள் வரலாற்றில் விழவைப்பார்கள். அடுத்த முறை வரலாற்றிலிருந்து நீங்கள் காப்பி எடுப்பது அதுவாக இருக்கும். 2024 மே மாதம் ஒருவர் முதலில் 0.05 ஈதர் (எத்தீரியத்தின் சொந்த நாணயம்) சோதனைக்காகச் சரியான முகவரிக்கே அனுப்பினார். அதற்குள் போலி வரலாற்றில் நுழைந்துவிட்டது. அடுத்து அனுப்பிய 1155 ராப்டு பிட்காயின் (எத்தீரியத்தில் ஓடும் பிட்காயின் டோக்கன்), அன்றைய மதிப்பில் சுமார் 6.8 கோடி டாலர், போலிக்குப் போனது. பேச்சுவார்த்தைக்குப் பின் பெரும்பகுதி திரும்பி வந்தது. அது அதிர்ஷ்டம், எதிர்பார்க்க வேண்டாம். முகவரியை வரலாற்றிலிருந்து எடுக்காமல் வாலட்டின் கான்டாக்ட்ஸில் பதிந்து வையுங்கள், நடு எழுத்துகளையும் ஒப்பிடுங்கள்.

போய்விட்டது என்றால், முதலில் ஈதர்ஸ்கேனைப் பாருங்கள். டோக்கன் மட்டும் போய் ஈதர் அப்படியே இருந்தால் அப்ரூவல் அல்லது பெர்மிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஈதரும் சேர்ந்து, உங்கள் முகவரியிலிருந்தே நேராக, பல நெட்வொர்க்கிலும் போயிருந்தால் சொற்கள் கசிந்திருக்கின்றன என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ரூவல் என்றால் ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ ஈதர்ஸ்கேனின் டோக்கன் அப்ரூவல் பக்கத்திலோ ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் தனித்தனியே செய்ய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அந்த நெட்வொர்க்கின் காயினில் கேஸ் வேண்டும். மெட்டாமாஸ்க்கில் ‘டிஸ்கனெக்ட்’ கொடுப்பது ரத்து ஆகாது. பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டோக்கன் இன்னும் இருக்கிறது என்றால், உடனே வேறு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். காலி முகவரியில் அந்தக் கையெழுத்தால் எடுக்க எதுவும் இல்லை. டெட்லைன் தாண்டும்வரை அதே டோக்கனை அந்த முகவரிக்குத் திரும்பக் கொண்டுவராதீர்கள்.

சொற்கள் கசிந்திருந்தால் ரிவோக்கில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வேறு சுத்தமான கணினியில் முற்றிலும் புதிய சீட் ஃப்ரேஸ் உருவாக்கி, மதிப்பு அதிகமானதை முதலில் நகர்த்துங்கள். டோக்கன் இருக்கிறது, கேஸுக்கு ஈதர் இல்லை என்று அந்த வாலட்டுக்கு ஈதர் அனுப்பினால், அங்கே காத்திருக்கும் பாட் என்ற தானியங்கி நிரல், வந்த நொடியில் அதை உறிஞ்சிவிடும். ஒரு தடவை அப்படிப் போனால் நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்ப ஊற்றாதீர்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் 1930 எண்ணிலும் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் உடனே புகார் பதியுங்கள். உங்கள் முகவரி, திருடன் முகவரி, 66 எழுத்துள்ள ஒவ்வொரு டிரான்சாக்ஷன் ஹேஷ் (பரிவர்த்தனையின் அடையாளக் குறி), நேரம், நெட்வொர்க் பெயர் இவற்றை எழுத்தாகவே கொடுங்கள், ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து 66 எழுத்தை யாரும் பார்த்துத் தட்டமாட்டார்கள். போனது டாலரோடு இணைந்த யுஎஸ்டிடி அல்லது யுஎஸ்டிசி டோக்கன் என்றால், அவற்றை வெளியிடும் டெதரும் சர்க்கிளும் ஒரு முகவரியை முடக்க முடியும். ஈதரை அப்படி முடக்க யாராலும் முடியாது. ஆகவே திருடன் அதை ஈதராக மாற்றுவதற்கு முன்னால் உள்ள நேரம்தான் உங்களுக்கு. புகாரை நீங்கள் பொதுவெளியில் எழுதிய அன்றே “மீட்டுத் தருகிறோம், முன்பணம் இவ்வளவு, அந்தப் பன்னிரண்டு சொல்லையும் அனுப்புங்கள்” என்று தனிச்செய்தி வர ஆரம்பிக்கும். பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள்.