அம்மோனைட்டா, ஃபோராமினிஃபெராவா: பழைய கடலின் கதைக்கு எது நல்ல சாட்சி?

பார்த்தவுடன் மனதைப் பிடிப்பது அம்மோனைட்தான்; கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் விலங்கு அது. இமயமலையின் ஸ்பிதி பள்ளத்தாக்கிலும் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலும் அந்தச் சுருள் ஓடுகள் கிடைக்கின்றன. இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெத்திஸ் என்றொரு கடல் இருந்தது, அதன் படிவுகள்தான் மடிந்து மலையாக உயர்ந்தன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? ஒரே சிக்கல், விலங்கு செத்த பிறகு காலி ஓடு வெகுதூரம் மிதந்து போயிருக்கலாம்.

ஃபோராமினிஃபெரா ஓடு கட்டும் ஒற்றைச் செல் கடலுயிரி, பெரும்பாலானவற்றைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஆனால் கொஞ்சம் படிவிலேயே நூற்றுக்கணக்கில் கிடைக்கும். கடலடியில் வாழ்ந்த இனங்கள் ஆழத்தைச் சொல்லும், ஓட்டிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களின்) விகிதம் வெப்பநிலையைச் சொல்லும்.

பல இனங்கள் ஒன்றாக அழிந்த பேரழிவு என்று வந்தால் என் தேர்வு ஃபோராமினிஃபெராதான். அரிதாகக் கிடைக்கும் புதைபடிவத்தில், நமக்குக் கிடைத்த கடைசி ஓடு அந்த இனத்தின் கடைசி உயிராக இருக்காது, அதனால் திடீர் அழிவுகூட மெல்லத் தேய்ந்ததுபோலத் தெரியும்; 1982இல் தொல்லுயிரியலாளர்கள் சிக்னரும் லிப்ஸும் இதைத்தான் விளக்கினார்கள். அம்மோனைட் இதில் மாட்டிக்கொள்கிறது. இத்தாலியின் குப்பியோவில் பாருங்கள்: கீழே பெரிய ஃபோராமினிஃபெரா நிறைந்த சுண்ணாம்புப் பாறை, நடுவில் மெல்லிய களிமண், மேலே பொடிப்பொடியான சில இனங்கள் மட்டும். அந்தக் களிமண்ணில் இரிடியம் என்ற, பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் கூடுதலாக இருக்கும் உலோகம் மிக அதிகம் என்று 1980இல் ஆல்வரெஸ் தலைமையிலான அறிவியலாளர் குழு காட்டியது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவுக்கு விண்கல் மோதல் காரணம் என்ற பேச்சு வந்ததே அப்படித்தான்.

அப்புறம், 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த அழிவு என்றால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஃபியூசுலினிட் என்ற ஃபோராமினிஃபெரா வகை முழுதாகப் போனது, அம்மோனைட்டின் மூதாதையரில் சிலர் மட்டும் தப்பி அடுத்து வந்த ட்ரையாசிக் காலக் கடல்களில் மறுபடி பல்கிப் பெருகினார்கள்.