‘நீங்கள்’ என்பதா, ‘நீர்’ என்பதா?

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘நீ’க்கு மேலே மரியாதைச் சொற்கள் இரண்டு உண்டு.

‘நீங்கள்’ பற்றிக் குழப்பமில்லை. பெரியவர், ஆசிரியர், அறிமுகமில்லாதவர் எல்லாருக்கும் அதுதான். பேச்சில் ‘வாங்கோ, இருங்கோ’ என்று வரும். மரியாதை பழகட்டும் என்று சின்னப் பிள்ளையிடமே ‘சாப்பிடுங்கோ’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

‘நீர்’தான் நுட்பமானது. சங்கத் தமிழில் பலரைக் குறித்த பன்மைச் சொல் அது. பிறகு ஒருவரையே மதித்து அழைக்கும் சொல்லானது. ‘கள்’ சேர்ந்த ‘நீங்கள்’ மேலே போக, ‘நீர்’ நடுவில் நின்றது. சம வயது நண்பரிடமும் வளர்ந்த மாணவரிடமும் ‘வாரும், இரும்’ என்பார்கள். கணவன் மனைவியிடம் சொல்லும் ‘நீர்’ இன்னும் கனிவானது. நெருக்கமும் மதிப்பும் ஒன்றாகவே கேட்கும். ஆனால் பழைய வழக்கத்தில் மனைவி கூப்பிடுவது ‘இஞ்சாருங்கோ’ (இங்கே பாருங்கள்) என்று, ‘நீங்கள்’ மரியாதையில்தான். இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு உறுத்துகிறது. இரண்டு பேரும் ‘நீர்’ என்றே பேசிக்கொள்ளலாம்.

மாமாவிடமோ மாமியிடமோ ‘நீர்’ என்றால் முகம் சுருங்கிவிடும். சரி, ஆளைத் தெரியாவிட்டால்? ‘நீங்கள்’ என்றே தொடங்குங்கள். பழகிய பிறகு, மூத்தவரே முதலில் ‘நீர்’ என்பார்.