போர் தண்ணிக்குப் பழகின டிஸ்கஸ் மீன்னு சொல்லி 17,400 ரூபாய்க்கு வச்ச ஆப்பு

17,400 ரூபாய். கொதிப்பு அடங்குறதுக்குள்ள எழுதிடறேன். சென்னையில போர் தண்ணியில மீன் வளர்க்கிறவங்க, வளர்க்கலாம்னு நினைக்கிறவங்க படிச்சிட்டுப் போங்க.

கடை பேரெல்லாம் போடல. ரெண்டு மாடி, ஏசி, ‘இம்போர்ட்டட் ஸ்டாக்’னு போர்டு மாட்டின பெரிய அக்வாரியம் கடை. அங்க வாங்கினது மூணு இஞ்ச் டிஸ்கஸ் 6, அது 10,800. கார்டினல் டெட்ரா 20, அது 2,400. ஜெர்மன் ப்ளூ ராம் 4, அது 1,400. கூடவே பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) இறக்குற பவுடர், தண்ணி கண்டிஷனர், பீட் (மக்கின பாசி) பைன்னு தலையில கட்டினது 2,800.

மூணுமே தென் அமெரிக்காவுல அமேசான், ஓரினோகோ ஆத்துப் பக்கத்து சாஃப்ட் வாட்டர் மீன், அதாவது உப்பு கம்மியான தண்ணியில வாழறது. வீட்டுக் குழாயில வர்றது டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1,150, ஜிஹெச் (கால்சியம், மெக்னீசியத்தால வர்ற கடினத்தன்மை) 22, கேஹெச் (அமிலத்தைத் தாங்குற பைகார்பனேட் அளவு) 15. பிடிச்ச உடனே பார்த்தா பிஹெச் 7.2தான் காட்டும். ஏர்ஸ்டோன் போட்டு ஒரு ராத்திரி வச்சா கரைஞ்சிருந்த கார்பன் டை ஆக்சைடு வெளிய போய் 8.2ல வந்து நிக்கும். அசல் மோலி தண்ணி, கடினமான தண்ணிய விரும்புற மோலி மீனுக்குத்தான் லாயக்கு. அதனாலதான் பாட்டில்ல தண்ணியப் பிடிச்சு எடுத்துட்டுப் போய், "இதுக்கு இந்த மீன் தாங்குமா?"ன்னு நேராவே கேட்டது.

ஓனர் தன் மீட்டரையே பாட்டிலுக்குள்ள விட்டாரு. "1,150 தானே சார்? நம்ம கடை போர் 1,300. அதுலதான் இதுங்க ஆறு மாசமா வளருது." சொல்லிட்டு கடைக் குழாயில ஒரு மக்கு தண்ணி பிடிச்சு, கண்ணு முன்னாடியே டிஸ்கஸ் தொட்டியில ஊத்தினாரு. மீன் அசரல. ஓடி வந்து அவர் விரல்ல கொத்துது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. கடைத் தொட்டி 300 லிட்டர், அதுல தண்ணி டிடிஎஸ் 95. அதுல 1,300 இருக்கிற ஒரு லிட்டரை ஊத்தினா 99 ஆகும். மீனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. 95ங்கிறது எப்படித் தெரியும்னா, மீன் கட்டிக் கொடுத்த பைத் தண்ணியில மீட்டர் விட்டுப் பார்த்தது. கடைக்குப் பின்னாடி ஆர்ஓ மெஷின் (தண்ணியில உப்பை வடிகட்டுறது), நீல டிரம், சாக்கடைக்குப் போற வேஸ்ட் குழாய் எல்லாமே இருக்கு.

இந்தப் பொய் ஏன் எடுபடுதுன்னா, பாதி உண்மை. பண்ணையில பொரிஞ்ச டிஸ்கஸை வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஹார்ட் வாட்டருக்குப் பழக்க முடியும். முட்டை பொரிக்கிறதுதான் சிக்கல். ஆனா 95லேர்ந்து 1,150க்கு ஒரே தாவா தாவினா, உடம்புல உப்பையும் தண்ணியையும் சமன் பண்ற செவுளும் சிறுநீரகமும் சமாளிக்காது. "ஒரே தண்ணிதானே சார், பையை 20 நிமிஷம் மிதக்க விட்டுத் திறந்து விட்டுடுங்க"ன்னு சொன்னதும் அதே வாய்தான். பையில சேர்ந்த அம்மோனியா வேற இருக்கு. பிஹெச் 7ல, 28 டிகிரியில அதுல 1 சதவீதம்கூட விஷ வடிவத்துல இருக்காது. 8.2ல சுமார் 10 சதவீதம் ஆயிடும்.

கார்டினல் விடியறதுக்குள்ள போச்சு. அடுத்து ராம். டிஸ்கஸ் கறுத்து, துடுப்பை ஒடுக்கி, உடம்பெல்லாம் பால் மாதிரி சளி விட்டு, ஹீட்டர் மூலையில ஒண்ணை ஒண்ணு ஒட்டி நின்னுது. 17,400 ரூபாய் அப்படித்தான் நின்னு நின்னு செத்துச்சு.

ஃபோன் பண்ணா முதல்ல "ஃபில்டர் சைக்கிள் ஆகியிருக்காது சார்", அதாவது அம்மோனியாவை மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல இன்னும் வளரலையாம். அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம், ஃபோட்டோ அனுப்பியாச்சு. அப்புறம் "கல்லுப்பு போடுங்க", அதாவது ஏற்கெனவே 1,150 இருக்கிற தண்ணிக்கு இன்னும் உப்பு! அப்புறம் "ஓனர் வெளியூர்". அப்புறம் ப்ளூ டிக் மட்டும். நேர்ல போய் நின்னா பில்லுக்கு அடியில பொடி எழுத்துல ‘உயிருள்ள மீனுக்கு கேரண்டி கிடையாது’ன்னு காட்டினாங்க. கடைசியில கவுன்டர் பையன் சொன்னதுதான் உச்சம்: "ஆர்ஓ மெஷின் எடுத்துக்கோங்கண்ணா, 10 பெர்சன்ட் கம்மி பண்ணித் தரோம்." அப்போ விஷயம் தெரிஞ்சுதானே வித்திருக்கீங்க?

அந்தப் பவுடர் இன்னொரு கொள்ளை. 20 லிட்டர் பக்கெட்ல அவங்க சொன்ன அளவு போட்டா பிஹெச் 6.8க்கு இறங்குது, காலையில திரும்ப 8.1. கேஹெச் 15 இருந்தா அமிலத்தையெல்லாம் பைகார்பனேட் குடிச்சிடும். தினம் போட்டா தினம் ஊஞ்சல்தான். பீட்டும் வாதாம் இலையும் இந்தத் தண்ணிய மஞ்சளாக்கும், வேற ஒண்ணும் பண்ணாது.

விளக்கமா எழுத இப்ப பொறுமை இல்ல. அவசரத்துக்கு இவ்ளோ:

டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி மீன் இருக்கிற தொட்டியில நீங்களே விட்டுப் பாருங்க. முடியாதுன்னா கிளம்பிடுங்க. டிடிஎஸ் மட்டும் பத்தாது, ஜிஹெச், கேஹெச் டிராப் கிட்டும் வேணும்.

ஜிஹெச் 15 தாண்டினா கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால். நாலடித் தொட்டி இருந்தா மலாவி சிக்லிட், ஆனா கப்பியோட சேர்க்காதீங்க, தின்னுடும்.

டிஸ்கஸ்தான் வேணும்னா ஒரு பங்கு போர் தண்ணிக்கு மூணு பங்கு ஆர்ஓ கலந்தா ஜிஹெச் 22 இருக்கிறது 5, 6க்கு வரும். ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் அதே கலவை. வீட்டு சாஃப்ட்னர் தண்ணி ஆகாது, கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விடுது.

பில்லுல ‘ஃபிஷ் அசார்ட்டட்’னு கிறுக்கிக் கொடுத்தா வாங்காதீங்க. மீன் பேர், எண்ணிக்கை, விலை எழுதச் சொல்லுங்க. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. 17,400க்கு மனு ரெடியாகிட்டு இருக்கு.